செயின்ட் பால் நகரின் குப்பைக் கணக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தலைநகர் செயின்ட் பால். 2018 செப்டம்பர் வரை அங்கே வீட்டுக் குப்பை நகராட்சியின் வேலையே அல்ல. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு தனியார் நிறுவனத்தைப் பேசிவைத்துக்கொள்வார். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு வெவ்வேறு லாரி, வெவ்வேறு கட்டணம்.

குப்பை சேகரிப்பை நகராட்சி ஒழுங்குபடுத்தலாம், ஆனால் ஏற்கெனவே தொழில் செய்பவர்களுடன்தான் முதலில் பேசவேண்டும், அதற்குக் குறைந்தது 60 நாள் ஒதுக்கவேண்டும் என்பது மாநிலச் சட்டம். அப்படிப் பேசி, 15 நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்புடன் 2017 நவம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு நகர்மன்றம் ஒப்புதல் தந்தது. 2018 அக்டோபர் 1 அன்று வேலை தொடங்கியது. நான்கு குடியிருப்பு வரை உள்ள கட்டடங்களில் சுமார் 73,000 குடும்பங்கள். ஆண்டுக்குச் சுமார் 2.7 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 370 டாலர், மாதம் 31 டாலருக்குச் சற்றுக் குறைவு.

இப்படி ஒழுங்குபடுத்தினால் ஒரு தெருவுக்கு ஒரே நிறுவனத்தின் லாரிதான். அதில் லாபம் எங்கே என்று கேட்டால், முதலில் சாலையைத்தான் பார்க்கவேண்டும். இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவாவில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்த தோராய விதி ஒன்று உண்டு: அச்சின் மேல் விழும் பாரம் இரு மடங்கானால் சாலைத் தேய்மானம் 16 மடங்காகும். பாதி நிறைந்த குப்பை லாரி 15 டன், மூன்று அச்சு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அச்சுக்கு 5 டன். இரண்டு டன் காருக்கு ஓர் அச்சுக்கு 1 டன். அந்த விதிப்படி லாரி ஒருமுறை போவது 900 கார்களுக்கு மேல் போவதற்குச் சமம். ஒரு தெருவில் ஐந்து நிறுவனங்கள் வாரம் ஒருமுறை வந்தால் ஆண்டுக்கு 260 நடை. ஒன்றே வந்தால் 52. மிச்சமாகும் 208 நடை, ஏறக்குறைய 1,95,000 கார்களின் தேய்மானம். இந்தச் சேமிப்பு எந்த வீட்டுக் குப்பை பில்லிலும் தெரியாது. தார் போடும் செலவில்தான் தெரியும். ஒழுங்குபடுத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

ஆனால் 2018-இல் தொடங்கிய அந்த ஒப்பந்தத்தின் கட்டணப் பட்டியலைத் திறந்தால் மனம் சங்கடப்படுகிறது. 35 கேலன் தொட்டி, அதாவது 132 லிட்டர், இரு வாரத்துக்கு ஒருமுறை எடுக்க மாதம் 20 டாலர் அளவில். 96 கேலன் தொட்டி, 363 லிட்டர், வாராவாரம் எடுக்க 34 டாலர் அளவில். முதலாமவருக்கு ஆண்டுக்கு 26 தடவையில் 3,432 லிட்டர் இடம்; செலவு 240 டாலர்; லிட்டருக்கு 7 சென்ட். இரண்டாமவருக்கு 52 தடவையில் 18,876 லிட்டர். செலவு 408 டாலர். லிட்டருக்கு 2 சென்ட்டைச் சற்றே தாண்டும். குப்பையைக் குறைத்தவர் லிட்டருக்கு மூன்று மடங்கு கொடுத்தார்.

லாரி வாசலில் நிற்கும் செலவு தொட்டி நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் ஒன்றுதானே என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் சிறிய தொட்டிக்கு லாரி நிற்பது பாதித் தடவைதான். இன்னொன்று, நான்கு குடியிருப்புக் கட்டடத்தில் அதுவரை ஒரு தொட்டியைப் பகிர்ந்தவர்கள் நான்கு தொட்டிக்குப் பணம் கட்டவேண்டியதாயிற்று. மிகச் சிறிய தொட்டி எடுத்தாலும் ஆண்டுக்கு 960 டாலர். விலகிக்கொள்ளவும் வழி இருக்கவில்லை, கட்டாத பாக்கி சொத்து வரியோடு சேர்ந்துவிடும்.

கோபம் இங்கேதான் மூண்டது. வாக்கெடுப்பு கேட்டு 6,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நகராட்சி மறுத்தது, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஆகஸ்டில் வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும் என்று உத்தரவானது. திட்டம் தோற்றாலும் ஒப்பந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், அதற்காகச் சொத்து வரி 17.4 சதவீதம் ஏறும் என்று நகராட்சி கணக்குக் காட்டியது. நவம்பர் 5 அன்று 62 சதவீதத்துக்கு மேற்பட்டோர் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எத்தனை பேர் திட்டத்தை விரும்பினார்கள், எத்தனை பேர் வரிக்குப் பயந்தார்கள் என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது. முதலிலேயே மக்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இழப்புப் பத்தியில் இன்னொரு வரியும் உண்டு. தொடக்கத்தில் இருந்த 15 நிறுவனங்களில் சிறியவை பல, தங்கள் வாடிக்கையைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிட்டு ஒதுங்கின. பழையவர்களைக் காப்பாற்றத்தான் அந்த 60 நாள் விதி. அது இவர்களைக் காப்பாற்றவில்லை.

2025 ஏப்ரல் 1 முதல் புதிய ஏற்பாடு: எஃப்சிசி என்ற நிறுவனத்துடன் ஏழாண்டு ஒப்பந்தம். சுமார் 10 சதவீத வீடுகளுக்கு மட்டும் நகராட்சியின் சொந்த லாரியும் சொந்த ஆட்களும். டீசல், சம்பளம், பழுது, ஒரு மணி நேரத்தில் எடுத்த தொட்டிகள் என எல்லாம் இனி நகராட்சியின் சொந்தக் கணக்கிலேயே இருக்கும். அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது நிறுவனம் கேட்கும் விலையை நகர்மன்றம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிறிய தொட்டிக்கு லிட்டருக்கு என்ன விலை நியாயம் என்றும் அப்போது கேட்கலாம்.