த்ரீ நாட் த்ரீ

சினிமாவில் போலீஸ் ஸ்டேஷன் சீன் வந்தால் சுவரோரம் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்களே, மரக்கட்டை போட்ட நீளத் துப்பாக்கி, அதுதான் த்ரீ நாட் த்ரீ. ‘நாட்’ என்றால் சைபர். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மி.மீ. உண்மையான பெயர் லீ-என்ஃபீல்டு. மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இதில் பார்க்க நிறைய இருக்கிறது நண்பர்களே.

கதை மருந்தில் ஆரம்பிக்கிறது. எங்கள் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கேயே வெடிமருந்தும் செய்தார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த கருமருந்துதான். சுட்டால் புகை மண்டும், குழலில் கசடு ஒட்டும். 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கிகூட இந்த மருந்தை நம்பிச் செய்ததுதான். கசடு தங்காமல் இருக்க, குழலுக்குள் ஆழமில்லாத ஏழு பள்ளங்கள் வெட்டினார்கள். மூன்றே வருஷத்தில், 1891இல், கார்டைட் வந்துவிட்டது. நூல் மாதிரி இழுத்த மருந்து இது. புகை கம்மி, சூடு ஜாஸ்தி. அந்தச் சூட்டில் மெட்ஃபோர்டு பள்ளங்கள் சீக்கிரமே தேய்ந்தன. 1895இல் என்ஃபீல்டு தொழிற்சாலை ஆழமான ஐந்து பள்ளங்கள் போட்டது. போல்ட்டும் மகசினும் ஜேம்ஸ் பாரிஸ் லீ செய்தவை. இரண்டு பெயரும் சேர்ந்ததே லீ-என்ஃபீல்டு. கார்டைட் செய்ய நம் நீலகிரி அருவங்காட்டிலும், துப்பாக்கி செய்ய கல்கத்தா பக்கம் இச்சாப்பூரிலும் 1900களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகள் வந்தன.

பள்ளம் எதற்கு? சுழலாத தோட்டா காற்றில் புரண்டுவிடும். பம்பரம் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கிறதல்லவா, அதே கணக்கு. இந்தக் குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தோட்டா வெளியே வரும் வேகம் வினாடிக்கு சுமார் 744 மீட்டர். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 1,75,000 சுற்று! லேத் ஆயிரத்தைத் தாண்டினாலே நாம் இரண்டடி தள்ளி நிற்கிறோம்.

போல்ட் என்பது வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி. தூக்கி, பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளி மடக்கினால் அடுத்தது உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் மவுசரில் பூட்டும் காதுகள் முன்பக்கம் இருக்கும். அது உறுதியான அமைப்பு. லீயில் அவை பின்பக்கம். சுடும்போது போல்ட் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், புத்தகப்படி இது குறைதான். ஆனால் கைப்பிடியை 60 டிகிரி தூக்கினால் போதும், மவுசருக்கு 90 வேண்டும். மகசினிலும் 10 தோட்டா, மவுசரில் 5தான். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடுவான். கனடாக்காரர்களின் ராஸ் துப்பாக்கி இதைவிட நுணுக்கமாகச் செய்தது. 1915இல் போர்முனைச் சேற்றில் அது சிக்கிக்கொண்டபோது, அதை எறிந்துவிட்டு லீ-என்ஃபீல்டைப் பொறுக்கிக்கொண்டார்கள். எவ்வளவு க்ளியரன்ஸ் விடுவது என்பது டிராயிங் போர்டில் மட்டும் முடிவாகிற விஷயமில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக். சுட்ட சிப்பாய்கள் 50 பேர், கையில் இதே துப்பாக்கி. சுமார் 10 நிமிடத்தில் 1,650 குண்டுகள். ஆளுக்கு 33, நிமிடத்துக்கு மூன்று சொச்சம். அந்தத் துப்பாக்கியால் முடிந்த வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். பதறிப்போய்ச் சுட்டதில்லை என்பது இந்த வகுத்தலிலேயே தெரிகிறது. இறந்தவர்கள் 379 என்றது அரசாங்கம். அதைவிட மிக அதிகம் என்றது காங்கிரஸ் விசாரணை.

1962 சீனப் போருக்குப் பிறகு இச்சாப்பூரில் இதே டிசைனை நல்ல ஸ்டீலில், 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி ‘2ஏ’ என்று செய்தார்கள். ராணுவம் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆருக்குப் போனது. பழைய த்ரீ நாட் த்ரீ போலீஸிடம் தங்கியது. 2008 மும்பைத் தாக்குதலில் ஏ.கே. துப்பாக்கிகளின் எதிரே போலீஸ்காரர்கள் சிலர் இதையே வைத்துக்கொண்டு நின்றார்கள். உத்தரப் பிரதேச போலீஸ் இதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.