வாளையார் வெயிலும் ஒரு வெள்ளை உப்பும்

லித்தியம் கார்பனேட் மணமில்லாத வெள்ளைத் தூள். தீயில் காட்டினால் சுடர் செக்கச்சிவந்து எரியும். பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் கூடுதலாகக் கரையும், இது நேர்மாறு. 20 டிகிரி வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 1.3 கிராம் கரையும், கொதிநீரிலோ 0.7 கிராம்தான். அதனால்தான் உப்பு ஏரிக் கரைசலைச் சூடாக்கி, சலவைச் சோடாவைச் சேர்த்து இதை அடியில் படியவைக்கிறார்கள். பேட்டரி ஆலைகளுக்கு இது பெருமளவில் போகிறது.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இதன் மருத்துவ குணம். மனஎழுச்சி நோயாளிகளை லித்தியம் அமைதிப்படுத்துகிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதினார். இருமுனைக் கோளாறுக்கு இன்றும் இது முக்கியமான மருந்து. ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் குணம் தரும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இவ்வளவு குறுகிய இடைவெளி வேறு மருந்துகளில் அரிது.

லித்தியம் உடலுக்குள் சிதைவதில்லை, சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகமோ அதைச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். கேட் எழுதிய அதே ஆண்டில் அமெரிக்காவில், உப்பைக் குறைத்திருந்த இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது. சிலர் இறந்தார்கள்.

இதே ஆபத்து வெயிலிலும் உண்டு. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வயல்களில் வேலை செய்பவருக்கும், மூணாற்றுக் குளிரிலிருந்து போடிமெட்டு வழியாகச் சமவெளிக்கு இறங்குபவருக்கும் லித்தியம் மாத்திரை அதேதான். ஆனால் தண்ணீர் போதாமல் உடல் வறண்டாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறக்கூடும். கை பலமாக நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடித்திருக்கிறார் என்றோ வெயில் தாக்கிவிட்டது என்றோ வீட்டார் நினைத்து நேரத்தை இழக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்காகத் திடீரென்று உப்பைக் குறைப்பதும் ஆபத்து. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடும். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மருத்துவரிடம் சொல்லித்தான் எதையும் மாற்ற வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, முதல்நாள் இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை அதற்குப் பிறகுதான்.