கதைப்படங்களுக்கு வண்ணம் தீட்டலும் மழலையர் கைத்திறனும்: தமிழ் எழுத்துப் பயிற்சியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மழலையர் வகுப்பில் கதைப்படங்களுக்கு வண்ணம் தீட்டுதல் பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. அது எழுதுவதற்கான விரல்திறனை வளர்க்கும் பயிற்சியாக அமைய வேண்டுமாயின் கதைத் தேர்வு, படத்தின் கோட்டமைப்பு, வண்ணக்கோலின் அளவு ஆகிய மூன்றும் திட்டமிடப்பெறல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நுண்தசைத் திறன், வண்ணம் தீட்டல், வாய்மொழிக் கதை, மாண்டிசோரி, எழுத்துப் பயிற்சி.

முன்னுரை

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் அமைந்த ராஜகீழ்ப்பாக்கம் போன்ற சென்னைப் புறநகர்களில் அங்கன்வாடி மையங்களும் தனியார் மழலையர் பள்ளிகளும் உள்ளன. இத்தகைய இடங்களில் பயிலும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் வரியிட்ட ஏட்டில் எழுத்துகளை எழுத வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு பெற்றோரிடம் வலுப்பெற்றுள்ளது. கை ஆயத்தமாகும் முன் எழுதப் பணித்தால் குழந்தை எழுத்தையே வெறுக்கக்கூடும். ஆதலின் எழுத்துக்கு முந்திய கைப்பயிற்சி ஆராயத்தக்கதாகிறது.

கையின் வளர்ச்சி

மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் பிறப்பின்போது குருத்தெலும்பாகவே உள்ளன. அவை எலும்பாக முதிர்வது பள்ளிப் பருவம் வரை படிப்படியாக நிகழ்கிறது. கோலைப் பற்றும் முறையும் இவ்வாறே மாறுகிறது. முதலில் குழந்தை முழுக் கையால் பற்றித் தோளிலிருந்து கிறுக்குகிறது. பின்னர் விரல்களால் பற்றுகிறது. ஏறத்தாழ நான்கு வயதில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் இணைந்த பிடி தோன்றினும், அவ்விரல்கள் தாமே கோலை நகர்த்தும் நிலை ஐந்து, ஆறு வயதளவில்தான் கைகூடுகிறது. பார்த்து வரைவதிலும் வட்டம் மூன்று வயதளவிலும், கூட்டல் குறி நான்கு வயதளவிலும், முக்கோணம் ஐந்து வயதளவிலும் அமைகின்றன.

அடையாற்றில் மாண்டிசோரி

இப்பொருள் குறித்த சிந்தனைக்குத் தென்சென்னையிலேயே ஒரு வரலாறு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி 1946இல் ஐரோப்பா திரும்பினார். அவருடைய கற்பித்தல் கருவிகளுள் ஒன்று உலோக வடிவச் சட்டம். வட்டம், நீள்வட்டம், முக்கோணம் முதலிய பத்து வடிவங்களின் விளிம்பைக் குழந்தை வண்ணக்கோலால் வரைந்து, உட்பகுதியைக் கோடுகளால் நிரப்பும். தொடக்கத்தில் எல்லை கடந்து ஓடும் கோடுகள், நாளடைவில் நெருங்கிச் சீராகின்றன. எழுத்தை எழுதாமலேயே எழுதும் கை உருவாகிறது.

ஆயினும் மாண்டிசோரி, இளங்குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் உகந்தவையல்ல என்னும் கருத்துடையவர். உண்மையையும் கற்பனையையும் வேறுபடுத்தி அறியாத பருவத்தில் மெய்யுலக அனுபவமே முதன்மை பெற வேண்டும் என்றார். அவருடைய கைப்பயிற்சி முறையை ஏற்கும் நாம் கதை குறித்த மறுப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கைப்பயிற்சிக்கு இன்றியமையாதது மீண்டும் மீண்டும் செய்தல். வெறும் வடிவத்தை நிரப்பிச் சலிக்கும் குழந்தையும், தான் கேட்ட கதையின் காகத்துக்குக் கருமை பூசுவதில் நெடுநேரம் ஈடுபடக்கூடும். திறனை வளர்ப்பது கோடு; அதில் நிலைத்திருக்கச் செய்வது கதை.

கதைப்படமும் எழுத்துக் கூறும்

தமிழ் எழுத்துகளில் ட, ப ஆகியன நேர்கோடுகளால் ஆனவை. இ, ஐ முதலியன வளைவு மிக்கவை. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண ஆகியன சுழியால் வேறுபடுபவை. தமிழ்க் குழந்தைகள் நன்கறிந்த பாட்டி வடை சுட்ட கதையில் இவ்வசைவுகள் யாவும் அமைகின்றன. மரத்தின் அடிப்பகுதிக்கு மேலிருந்து கீழாக நேர்கோடுகள் தேவை. காகத்தின் சிறகுக்கு ஒரே திசையில் குறுங்கோடுகள் வேண்டும். நரியின் வாலுக்கு வளைகோடு பொருந்தும். நடுவில் துளையுள்ள வடையை நிரப்பும்போது கோல் தொடர்ந்து திசைமாறிச் சுழல்கிறது. இது சுழிக்கு நேரான பயிற்சி. ஏரிகள் சூழ்ந்த ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பகுதிக் குழந்தைகளுக்குக் கொக்கும் நண்டும் கதையும் பொருந்தும். கொக்கின் கழுத்து நெடிய வளைவையும், நண்டின் கொடுக்கு குறுகிய திருப்பத்தையும் பயிற்றும்.

நடைமுறை நெறிகள்

முதலில் கதை சொல்லப்பட வேண்டும். படம் அதன்பின் வர வேண்டும். மூன்று வயதினர்க்குத் தடித்த எல்லைக்கோடும் அகன்ற பரப்பும் உடைய ஓருருவப் படம் போதும். சிறு பகுதிகள் நிறைந்த படம் ஐந்து வயதுக்கு உரியது. கட்டைவிரல் நீளத்துக்கும் குறைவான மெழுகு வண்ணத் துண்டை முழுக் கையால் பற்ற இயலாது. எனவே விரல்நுனிகள் தாமே செயற்படுகின்றன. தாளைச் சுவரில் ஒட்டித் தீட்டச் செய்தால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து, எழுதுவதற்கேற்ற நிலையைப் பழகும். கோட்டுக்கு வெளியே வண்ணம் சென்றால் அதனைப் பிழையெனக் கண்டிக்கலாகாது. அது கையின் அன்றைய வளர்ச்சி நிலையைக் காட்டும் சான்று. காகத்துக்குப் பச்சை பூசுவதும் அவ்வாறே. பயிற்சி நிறத்தில் இல்லை, அசைவில் உள்ளது.

வண்ணம் தீட்டல் மட்டும் போதுமானதன்று. கோலமாவை விரலிடையில் பிடித்து இழையாக விடுதல், களிமண் உருட்டுதல், பூத்தொடுத்தல் ஆகிய மரபுச் செயல்களும் அதே விரல்களையே பழக்குகின்றன. இவை துணைநின்றால் பயிற்சி முழுமை பெறும்.

முடிவுரை

அச்சிட்ட படத்தையும் வண்ணப் பெட்டியையும் கொடுத்துவிடுவதால் கைத்திறன் வளர்ந்துவிடாது. எந்த எழுத்தின் அசைவை எந்தக் கதையின் எந்த உருவம் பழக்கும் என்று ஆய்ந்து படங்கள் வரையப்பட வேண்டும். எழுத்தின் வடிவமும் வாய்மொழிக் கதையும் தமிழாய்வின் பொருள்களாதலின், இப்பணியை மழலையர் கல்வித்துறைக்கு மட்டும் விட்டுவிடாமல் தமிழ்த்துறைகளும் மேற்கொள்ளுதல் வேண்டும்.