கல்லூரியில் இடம் கிடைத்த பின்னர்

மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் கோடை நாட்களில் கூட்டுறவுச் சங்க அலுவலகங்களில் ஒரு தனிப் பரபரப்புக் காணப்படுவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். நகைக்கடன் வேண்டுவோர், வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்னரே பெற விரும்புவோர் எனப் பெற்றோர் வந்த வண்ணம் இருப்பர். வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் முதலிய ஊர்களில் தறியை நம்பியவரும், தென்னையையும் நெல்லையும் நம்பியவருமாகிய நம் அங்கத்தினர்கள், பிள்ளைகளின் மேற்படிப்புக்கென்றால் கடன்படத் தயங்குவதில்லை. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அக்கூட்டத்தில் வாராதவர் சிலர் உளர். காது கேளாத மகளையோ, பார்வையற்ற மகனையோ, கால் ஊன்றி நடக்க இயலாத பிள்ளையையோ உடைய பெற்றோரே அவர்கள்.

அவர்களை வீட்டில் கண்டு விசாரித்தால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: “பன்னிரண்டாவது வரை படித்ததே பெரிது, இனி வீட்டோடு தார் சுற்றிக்கொண்டு இருக்கட்டும்.” தார் சுற்றுவதும் தறியில் அமர்வதும் இழிவான தொழில்கள் அல்ல, அத்தொழிலாளரின் சங்கக் கணக்குகளைப் பார்த்து உண்ணும் நாம் அவ்வாறு எண்ணவும் மாட்டோம். விரும்பித் தறியில் அமர்வது வேறு. வேறு வழி உண்டா என்று எவரும் விசாரிக்காததனால் தறியில் அமர்த்தப்படுவது வேறு.

வழி உண்டு என்பதைச் சட்டமே கூறுகிறது. 1995ஆம் ஆண்டின் சட்டம் கல்வி நிறுவனங்களில் இவர்களுக்கு 3 சதவிகித இடம் ஒதுக்கியது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அரசு உயர்கல்வி நிறுவனங்களும், அரசின் நிதியுதவி பெறும் நிறுவனங்களும் 5 சதவிகிதத்திற்குக் குறையாத இடங்களை, 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உடையவர்களுக்கென ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு சலுகை உண்டு. அறுபது பேர் பயிலும் வகுப்பாயின் மூன்று இடங்கள் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆனால் இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அதே சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இத்தகைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. பதினெட்டு முடிந்தபின் அது தருவது பெரும்பாலும் இடத்தை மட்டுமே. அந்த இடத்தில் பிள்ளை மூன்று ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு வேண்டியவை வேறு. பாடத்தைச் சைகையில் பெயர்த்துச் சொல்ல ஒருவர், புத்தகத்தைப் படித்துக் காட்ட ஒருவர், தேர்வில் எழுதித் தர ஒருவர், படியேறாமல் நுழையக்கூடிய ஒரு வகுப்பறை. இவை இல்லையேல் ஒதுக்கிய இடம் முதலாண்டு முடியுமுன்னரே காலியாகிவிடும். சட்டம் கட்டடங்களையும் வளாகங்களையும் இவர்கள் அணுகத்தக்கவாறு அமைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எழுதப்பட்டதற்கும் கட்டப்பட்டதற்கும் உள்ள தூரத்தைப் பழைய கல்லூரிகளின் மாடிப்படிகளில் காணலாம்.

இது எங்கோ நிகழும் செய்தி என்று நம் வட்டாரத்தார் எண்ணுதற்கில்லை. வ. புதுப்பட்டியிலிருந்து மதுரைச் சாலையை நோக்கிச் செல்வோர் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் நிறுவனத்தின் கட்டடங்களைக் காணாதிருக்க மாட்டார்கள். 1984இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கப்பெற்று, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற அந்நிறுவனம், பேச்சும் செவியும் குறைந்த மாணவர்களுக்கென்றே தனியாக ஒரு பி.டெக். வகுப்பை ஏற்படுத்தியது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் செவித்திறன் குறைந்தோருக்குப் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் தனியே அமைந்தன. தலைநகரில் உள்ளது வியப்பன்று. நம் ஊர்த் தென்னந்தோப்புகளுக்கு அருகிலேயே அத்தகைய வகுப்பு ஒன்று ஏற்பட்டதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

தனி வகுப்பு எதற்கு, பிற மாணவருடன் அமர்ந்தாலாகாதோ என்று கேட்கலாம். செவிப்புலன் உள்ள மாணவன் ஆசிரியரின் சொல்லைக் கேட்டுக்கொண்டே கரும்பலகையைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே குறிப்பும் எழுதுகிறான். காது கேளாதவனுக்கோ கண்ணே காதும் ஆகும். சைகையைப் பார்க்கும்போது பலகையைப் பார்க்க இயலாது. குறிப்பு எழுதக் குனிந்தால் சைகை போய்விடும். ஆகவே ஆசிரியர் சொல்லி நிறுத்த வேண்டும், பெயர்த்துச் சொல்பவர் முடிக்க வேண்டும், பிறகே பலகை. மேலும், பிறவியிலேயே செவி கேளாதவர்க்குச் சைகையே இயல்பான மொழி. நாம் தாய்மொழி என்று கருதும் தமிழையும் அவர்கள் எழுத்தின் வழியாக, இரண்டாம் மொழி போலவே கற்கிறார்கள். அவர்களது தமிழில் வேற்றுமையுருபு பிழைபடுவது கண்டு அறிவு குறைந்தவர் என முடிவு கட்டுவது பெருந்தவறு. பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் உரிய கலைச்சொற்களுக்குச் சைகைகள் போதாமையும் ஒரு தடையாகவே இருந்து வந்தது. 2015இல் டில்லியில் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2018இல் மூவாயிரம் சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021இல் பதினாயிரம் சொற்களாக விரிந்தது.

உடனிருந்து உதவுபவர் இன்றிப் படிப்பு நடவாது என்பதற்கு உலகறிந்த சான்று ஹெலன் கெல்லர் அம்மையார். 1955இல் நம் நாட்டிற்கும் வந்து சென்ற அவர், பார்வையும் செவியும் ஒருங்கே இழந்தவர். 1904இல் அமெரிக்காவின் ராட்க்ளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய பேரறிவைப் புகழும் நாம், வகுப்புதோறும் அருகில் அமர்ந்து விரிவுரையை எழுத்தெழுத்தாக அவர் உள்ளங்கையில் விரலால் உணர்த்தி வந்த ஆசிரியை ஆன் சல்லிவனை எளிதில் மறந்துவிடுகிறோம். சல்லிவனுக்குமே பார்வை சரியில்லை. அக்கல்லூரி ஹெலனுக்கு இடம் தந்தது. சல்லிவன் அவ்விடத்தில் அவரை இருத்தினார்.

தேர்வுக்கூடத்தின் கதை தனி. எழுத இயலாத மாணவருக்கு, அவர் சொல்லச் சொல்ல எழுதும் எழுத்தர் ஒருவரையும், மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரத்தையும் தரவேண்டும் என்பது 2013 முதல் மத்திய அரசின் வழிகாட்டு நெறி. 2018இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. மூன்று மணித் தேர்வு நான்கு மணித் தேர்வாகும் என்பது பொருள். ஆயினும் 40 சதவிகிதச் சான்று இல்லையென்று, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய ஒருவருக்கு அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் மறுக்கப்பட்டது. அவர் விடாது வழக்காடினார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுத்தர் உதவிக்கு அந்த 40 சதவிகிதம் ஒரு நிபந்தனை ஆகாது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் ஒரு மாணவிக்கு உரிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமலே விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். அது தவறென்று நவம்பரில் நீதிமன்றம் கூறிற்று. தேர்வுக்கூடத்தில் இருந்த கண்காணிப்பாளருக்கு விதி தெரிந்திருந்தால் டில்லி வரை செல்ல வேண்டிய வழக்கு அன்று அது.

கிருஷ்ணன்கோவில் வழியாகச் செல்லும் அதே சாலையில் ராஜபாளையம் கடந்து தெற்கே சென்றால் தென்காசிக்கு அருகே ஆய்க்குடி உள்ளது. 1975இல் பொறியியல் மாணவராக இருந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரித் தேர்வில் உயரத்திலிருந்து குதித்தபோது கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சொந்த ஊர் திரும்பிய அவர் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு இட்டார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பிற்பாடு அவருடன் வந்து இணைந்த திரு. எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோயுடையவர், பட்டயக் கணக்காளர். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒருவர் பட்டயக் கணக்காளர் தேர்வைத் தேறியிருக்கிறார் என்பது, தணிக்கையையே தொழிலாகக் கொண்ட எமக்குச் சற்றுக் கூடுதலாகவே பெருமை தருகிறது. அத்தேர்வின் கடுமையை எம் நண்பர்கள் சிலர் ஆண்டுக்கணக்கில் அறிவார்கள்!

இனி, சங்கங்கள் செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம். கல்வி கூட்டுறவின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று என்பதைப் பேரவைக் கூட்டந்தோறும் நாம் கூறிக்கொள்கிறோம். துணைவிதிகள் இடந்தரும் அளவில், நிகர இலாபத்திலிருந்து பொதுநலனுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை, அங்கத்தினர் குடும்பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு வாசிப்பவரையோ எழுத்தரையோ அமர்த்தும் செலவுக்கு எனத் தீர்மானிக்கலாம். பணம் கூட இரண்டாவதே. பார்வையற்ற மாணவன் ஒருவனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் பாடநூலைப் படித்துக் காட்ட வேண்டியது ஓர் ஆளின் குரல்தான். மற்றோர் அங்கத்தினரின் கல்லூரி மகளோ மகனோ அதைச் செய்யலாம். படித்ததைக் கைபேசியில் பதிந்து வைத்தால் மறுமுறை படிக்கவும் வேண்டுவதில்லை. தேர்வு எழுத்தராக வர இசைவோர் பெயர்களைச் செயலாளர் ஒரு பேரேட்டில் குறித்து வைப்பது எந்தச் சங்கத்திற்கும் இயலாததன்று. தேர்வுக்கு முதல் நாள் எழுத்தரைத் தேடி அலைவது இம்மாணவர்களின் வாழ்வில் வழக்கமான துயரம்.

கடனைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளிகளுக்கென மத்திய அரசு 1997இல் நிறுவிய தேசிய நிதி வளர்ச்சிக் கழகத்தின் கடன்கள் நம் மாநிலத்தில் கூட்டுறவு வங்கிகளின் வழியாகவே வழங்கப்பட்டு வந்துள்ளன. தொழில் தொடங்குவதற்கு மட்டுமே என்று பலரும் கருதும் அக்கழகத்தின் திட்டங்களில் உயர்கல்விக் கடனும் உண்டு. நிபந்தனைகளை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் கிளையில் நேரில் கேட்டறிதல் நலம். கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டியதில்லை. பயிர்க்கடன் கேட்பது போன்றதே இதுவும்.

இறுதியாக, பெற்றோர் கவனத்திற்கு ஒன்று. மேற்கூறிய இடஒதுக்கீடு, உதவித்தொகை ஆகிய எதற்கும் முதற்படி மருத்துவச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் ஆகும். விண்ணப்பம், மருத்துவர் பரிசோதனை, அட்டை வருகை என ஒவ்வொன்றுக்கும் நாட்கள் கழியுமாதலின், பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே ஆதார் அட்டையும் புகைப்படமும் பழைய மருத்துவக் காகிதங்களுமாக விருதுநகரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுக. தேர்வில் எழுத்தரோ கூடுதல் நேரமோ வேண்டுமாயின் அதைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும், பிறகு கல்லூரி முதல்வரிடமும், சேரும் நாளிலேயே எழுத்து மூலமாகக் கேட்டு, கொடுத்ததற்கு அடையாளமாக நகலில் கையொப்பமும் பெற்றுக்கொள்க.