துண்டுக்குள் விலை!
பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி

மாட்டுச் சந்தையில் தரகர் கையைத் துண்டால் மூடுகிறார். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை வெளியே தெரியாது.

தஞ்சாவூரில் ஒரு நெல் வியாபாரி. கும்பகோணத்தில் இருக்கும் தம்பிக்கு அவர் விலை சொல்ல வேண்டும். துண்டு அவ்வளவு தூரம் எட்டாது! செல்போனில்தான் அனுப்ப வேண்டும். நடுவில் யாராவது படித்துவிட்டால்?

மாடிப்படி விளக்கு

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரிகிற விளக்கு அணையும். அணைந்த விளக்கு எரியும். மறுபடி தட்டினால் பழைய நிலைதான். ரகசியம் முழுவதும் இதில் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் எல்லா எழுத்தும் 1, 0 என்ற வரிசைதான். 1 எரியும் விளக்கு. 0 அணைந்த விளக்கு. செய்தி 10110 என்று வைத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி இருவருக்கு மட்டும் தெரிந்த சாவி 01101. சாவியில் 1 உள்ள இடத்தில் விளக்கைத் தட்ட வேண்டும். 0 உள்ள இடத்தில் தொடக்கூடாது. செய்தி 11011 என்று மாறிவிடும். தம்பி அதே சாவியால் மறுபடி தட்டினால் 10110 வந்துவிடும்!

அமெரிக்க என்ஜினீயர் கில்பர்ட் வெர்னாம் 1917ல் தந்தி மெஷினுக்காகக் கண்டுபிடித்த முறை இது. சாவி ஒழுங்கில்லாமல், சீட்டுக் குலுக்கி எடுத்தது போல் இருக்க வேண்டும். செய்தியின் நீளம் இருக்க வேண்டும். ஒரே தடவைதான் பயன்பட வேண்டும். அப்படியானால் யாராலும் உடைக்க முடியாது என்று கிளாட் ஷானன் 1949ல் வெளியிட்ட கட்டுரையில் கணக்குப் போட்டு நிரூபித்தார்.

ஆனால் அவ்வளவு நீளமான சாவியைத் தம்பியிடம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அதற்கு வழி இருந்தால் விலையையே சொல்லிவிடலாமே!

நலம், நலமறிய ஆவல்

அதனால் பலர் சின்னச் சாவியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வந்தது வினை!

கடிதம் "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்கும் என்பது திருடனுக்கும் தெரியும். அந்த வார்த்தைகளை 1, 0 ஆக்கி, பூட்டிய வரிசையின் மேல் தட்டினால் சாவியே வெளியில் வந்து விழும். மீதிக் கடிதமும் திறந்துகொள்ளும்.

வல்லரசும் இதில் தப்பவில்லை. ரஷ்ய உளவுத்துறை இதே போல எண்களைக் கூட்டும் முறையை வைத்திருந்தது. 1942ல் யுத்த அவசரத்தில் சில சாவித் தாள்கள் இரண்டு பிரதிகளாக அச்சாகிவிட்டன. அமெரிக்கர்கள் அதைக் கண்டுபிடித்து, பல செய்திகளைப் படித்தார்கள். அணுகுண்டு ரகசியத்தைக் கொடுத்த விஞ்ஞானி கிளாஸ் ஃபுக்ஸ் 1950ல் பிடிபட்டது அதனால்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சாவி தெரியாதவனும் நடுவழியில் ஒரு விளக்கைத் தட்டிவிடலாம். விலை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் விலையையே மாற்றிவிடலாம்! அதற்காக இப்போது செய்தியோடு கணக்கு முத்திரை ஒன்றும் சேர்ந்து போகிறது. முத்திரை பொருந்தாவிட்டால், தம்பியின் செல்போன் அந்த விலையை ஏற்றுக்கொள்ளாது.