தோற்றால் யாரை மாற்றுவது?

ஒவ்வோர் உலகக் கிண்ணத் தோல்விக்குப் பிறகும் காத்தான்குடி வாவிக்கரையில், இஷாத் தொழுகை முடிந்ததும் ஒரு மாநாடு கூடும். தலைவர் கிடையாது, நிகழ்ச்சி நிரலும் கிடையாது. பிளேன்டீ மட்டும் உண்டு. கடையைப் பூட்டிவிட்டு வரும் நானும் அதில் ஓர் அங்கத்தவன். தீர்மானம் எப்போதும் ஒன்றுதான்: "கோச்சை மாத்தணும் காக்கா!"

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் புடவைக் கடை ஞாபகம் வரும். ஒரு மோசமான சீசனுக்குப் பிறகு நானும் ஆளை மாற்றியவன்தான். அதற்காக நான் கொடுத்த விலையை, என்னைப் போன்ற வியாபாரச் சகோதரர்கள் அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன். முதலில் கிரிக்கெட் கணக்கைப் பார்ப்போம்.

ஆட்கள் மாறினார்கள், சரிவு மாறவில்லை

2019 உலகக் கிண்ணத்தில் இலங்கை ஆறாம் இடத்தோடு ஊர் திரும்பியது. பயிற்றுவிப்பாளர் சந்திக ஹத்துருசிங்க ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே ஒதுக்கி வைக்கப்பட்டார். பின்னர் இழப்பீட்டுக் கோரிக்கையும் எழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் மிக்கி ஆர்தர் வந்தார். அவரோடு துடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளராக சிம்பாப்வேயின் கிரான்ட் பிளவரும் வந்தார். 2022இல் இங்கிலாந்தின் கிறிஸ் சில்வர்வூட் பொறுப்பேற்றார்.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் துடுப்பாட்டம் குணமாகவில்லை. 2023 செப்டெம்பர் 17ஆம் திகதி கொழும்பில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குள் சுருண்டோம். நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் அதே இந்தியாவிடம் 55. 2024 ஜூனில் நியூயோர்க்கில் தென்னாபிரிக்காவிடம் 77. கதிரையில் இருந்தவர்கள் மாறினார்கள், நோய் மாறவில்லை.

2023 உலகக் கிண்ணத்தில் ஒன்பது போட்டிகளில் இரண்டில் மட்டுமே வென்றோம். கோபம் இம்முறை பயிற்றுவிப்பாளரையும் தாண்டியது. விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தையே கலைத்தார். சில நாட்களில் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணமும் தென்னாபிரிக்காவுக்குப் போனது. நம் பாஷையில் சொன்னால், வியாபாரம் படுத்த கோபத்தில் கடைக்கே பூட்டுப் போட்ட கதை.

பொறுத்ததால் கிடைத்தது

இனி மறுபக்கம். 2022 ஆசியக் கிண்ணத்தின் முதல் போட்டியிலேயே ஆப்கானிஸ்தான் எம்மை 105 ஓட்டங்களுக்குள் மடக்கியது. வாவிக்கரை மாநாட்டிடம் அன்று அதிகாரம் இருந்திருந்தால், வந்து சில மாதங்களே ஆன சில்வர்வூட் அன்றிரவே விமானம் ஏறியிருப்பார். ஆனால் அதே அணி, அதே பயிற்றுவிப்பாளரின் கீழ் செப்டெம்பர் 11ஆம் திகதி டுபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைத் தூக்கியது. அந்த இறுதிப் போட்டியிலும் 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் விழுந்திருந்தன. பிறகுதான் 170 வந்தது.

நம்மவர் நவீட் நவாஸின் கதையும் இப்படித்தான். 2018இல் பங்களாதேஷ் தன் 19 வயதுக்குட்பட்ட அணியை அவரிடம் ஒப்படைத்தது. அவசரப்படாமல் வேலை செய்ய விட்டது. 2020 பெப்ரவரியில் அந்த அணி இந்தியாவை வென்று உலகக் கிண்ணத்தை எடுத்தது. அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் உலகக் கிண்ணம் அது.

அப்படியானால் ஆளை மாற்றவே கூடாதா? அப்படியல்ல. 2024 ஜூலையில் சனத் ஜயசூரிய இடைக்காலப் பயிற்றுவிப்பாளரானார். முதல் வேலையே தோல்விதான். இந்தியாவுக்கு எதிரான இருபது20 தொடர் 3க்கு 0 என்று போனது. யாரும் பதறவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் தொடரை 2க்கு 0 என வென்றோம். இந்தியாவுக்கெதிராக 1997க்குப் பிறகு கிடைத்த முதல் ஒருநாள் தொடர் வெற்றி அது. அடுத்த மாதம் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை டெஸ்டில் வென்றோம். ஒக்டோபரில்தான் அவருடைய பதவி நிரந்தரமானது. முதலில் தவணை, பிறகு தீர்ப்பு. இதுவே வியாபாரி கவனிக்க வேண்டிய ஒழுங்கு.

என் கடையில் நடந்தது

2011ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள். நான் எதிர்பார்த்ததில் பாதிதான் விற்றது. பக்கத்துக் கடையில் சனம் நிரம்பி வழிந்தது. பெருநாள் கழித்து மூன்றாம் நாள், ஒன்பது வருடம் என்னிடம் சேல்ஸ் பார்த்த தம்பியைக் கூப்பிட்டேன். "வேற இடம் பாத்துக்கங்க தம்பி" என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. முழக்கோலையும் கத்தரிக்கோலையும் மேசையில் வைத்தார். "சரி காக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புதிய ஆளைப் போட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளும் படுத்தது. அப்போதுதான் பில் புத்தகங்களை விரித்து உட்கார்ந்தேன். அந்த வருட ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்த வெள்ளம் பெரும்போக வேளாண்மையை அடித்துப் போயிருந்தது. படுவான்கரையில் நெல் விளைந்தால்தான் இந்தக் கரையில் புடவை விற்கும். இது என் வாப்பா எனக்குச் சொல்லித் தந்த பாடம். வயல்காரன் கையில் காசில்லாத வருடத்தில், புறக்கோட்டைக்குப் போய் விலைகூடிய சரக்கை இரண்டு மாதச் செக்கில் அள்ளி வந்தவன் நான். பக்கத்துக் கடைக்காரர் நடுத்தர விலையில் சரக்குப் போட்டிருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதைவிடக் குத்தியது வேறொன்று. நோன்புக்கு முன்னரே அந்தத் தம்பி, "இந்த முறை விலை குறைஞ்ச சாமானைக் கூட்டிப் போடுங்க காக்கா" என்று சொல்லியிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நட்டம் அத்தோடு நிற்கவில்லை. கடன் கொப்பியில் 'மில்லடி ஹாஜியார் மருமகன்' என்று எழுதியிருக்கும். எந்த மில், எந்த மருமகன் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபா வசூலாகவேயில்லை. அவரை நம்பி வந்த வாடிக்கையாளர்களும் அவர் சேர்ந்த கடைக்குப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணீர் தந்து மன்னித்தார். ஆனால் திரும்பி வரவில்லை. அது அவருடைய நியாயம்.

உஹதில் கிடைத்த பாடம்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹத் களத்தில் 50 வில்லாளர்கள் ஒரு குன்றில் நிறுத்தப்பட்டார்கள். எது நடந்தாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. வெற்றி கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பலர் இறங்கியதால் வந்த இழப்பை நாம் அறிவோம். தவறு யாருடையது என்பது வெளிச்சமாகத் தெரிந்த இடம் அது. அப்படியிருந்தும், அதன் பின் இறங்கிய ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் அவர்களை மன்னிக்கவும், அவர்களோடு கலந்தாலோசிக்கவுமே சொல்கிறது. தவறு செய்தவரோடும் ஆலோசனை என்றால், தவறே செய்யாத ஒரு தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிய எனக்கு என்ன பதில் இருக்கிறது?

அனுப்புமுன் பாருங்கள்

ஒன்று, சந்தையே விழுந்ததா, அல்லது நம் கடை மட்டும் விழுந்ததா என்று பாருங்கள். வேளாண்மை, வெள்ளம், விலைவாசி எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள்.

இரண்டு, அவர் கையில் நீங்கள் கொடுத்த சரக்கு எது? துடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளர் அணியைத் தெரிவு செய்வதில்லை. சேல்ஸ்மேனும் கொள்முதல் செய்வதில்லை.

மூன்று, குறையை முகத்துக்கு நேரே சொல்லி ஒரு தவணை கொடுத்தீர்களா?

நான்கு, இவ்வளவும் பார்த்த பிறகும் அனுப்பத்தான் வேண்டுமென்றால், கணக்கைச் சுத்தமாக முடியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். சட்டம் தொடாத சிறு கடைகளையும் அமானிதம் தொடும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

வாவிக்கரை மாநாடு இனியும் கூடும். "கோச்சை மாத்தணும்" என்று இனியும் சொல்வார்கள். நான் இப்போது ஒன்றை மட்டும் கேட்பேன்: "டீமைத் தெரிவு செஞ்சது ஆரு?" கடைக் கணக்கை விரிக்கும்போதும் முதலில் அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.