பொல்லாக் பதக்கம்

பொல்லாக் பதக்கம் என்பது பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனி நடத்திய அடிஸ்கோம்ப் படைத்துறைக் கல்லூரியில், இறுதித் தேர்வில் முதன்மையாகத் தேறிய மாணவருக்கு வழங்கப்பட்ட பரிசுப் பதக்கம் ஆகும். 1840களின் பிற்பகுதியில் இது ஏற்படுத்தப்பட்டது. 1861 ஆம் ஆண்டில் அக்கல்லூரி மூடப்பட்டபின், வுல்விச் நகரில் இருந்த அரச படைத்துறைக் கழகத்துக்கு மாற்றப்பட்டது. போரில் காட்டிய வீரத்துக்காக அன்றிக் கல்வித் திறனுக்காக அளிக்கப்பட்டதால், இது சீருடையில் அணியும் பதக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுவதில்லை.

தோற்றம்

முதலாம் ஆங்கிலேய-ஆப்கானியப் போரில், 1842 சனவரியில் காபூலில் இருந்து பின்வாங்கிய பிரித்தானியப் படை வழியிலேயே அழிந்தது. அதன்பின் அனுப்பப்பட்ட படைக்குத் தலைமை தாங்கியவர் ஜோர்ஜ் பொல்லாக் (1786–1872). அவர் 1842 ஏப்ரலில் கைபர் கணவாயைக் கடந்து, சலாலாபாத்தை அடைந்தார். செப்டம்பரில் காபூலுக்குள் நுழைந்தார். அங்கிருந்து திரும்புமுன் நகரின் பெரிய கடைத்தெருவை அவரது படை வெடிவைத்துத் தகர்த்தது. இதைப் பிரித்தானியர் பழிவாங்கிய வெற்றியாகவே கொண்டாடினர். கல்கத்தாவில் வாழ்ந்த பிரித்தானியர்கள் திரட்டிய பணத்தில் இருந்தே இப்பதக்கம் உருவானது. முகப்பில் பொல்லாக்கின் தலையுருவமும், பின்புறத்தில் 1842 ஆம் ஆண்டுப் படையெடுப்பை நினைவுகூரும் வாசகமும் உள்ளன.

அடிஸ்கோம்ப் கல்லூரி

இலண்டனுக்குத் தெற்கே, குரொய்டன் அருகே 1809 ஆம் ஆண்டில் இக்கல்லூரி தொடங்கப்பட்டது. கணிதம், அரண் அமைப்பு, நில அளவை, வரைதல், இந்துத்தானி மொழி முதலியன கற்பிக்கப்பட்டன. தேர்வில் முன்னணியில் வந்தவர்களுக்கே பொறியாளர் படையில் இடம் கிடைத்தது. அடுத்தவர்கள் பீரங்கிப் படைக்கும், எஞ்சியவர்கள் காலாட்படைக்கும் சென்றனர். ஆகவே பொல்லாக் பதக்கம் பெற்றவர் பெரும்பாலும் பொறியாளராகவே இந்தியாவுக்கு வந்தார். காவிரி, கோதாவரி அணைக்கட்டுப் பணிகளால் அறியப்படும் ஆர்தர் காட்டன், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் ஆகியோரும் இக்கல்லூரியில் பயின்றவர்களே. காட்டன் படித்த காலத்தில் இப்பதக்கம் ஏற்படுத்தப்பட்டிருக்கவில்லை.

ஜேம்ஸ் ஜான் மெக்லியோட் இன்னஸ்

தொடக்ககாலத்தில் இப்பதக்கத்தைப் பெற்றவர்களுள் ஒருவர் இன்னஸ். இவர் 1830 பெப்ரவரி 5 அன்று பாகல்பூரில் பிறந்தார். தந்தை கம்பனிப் படையில் மருத்துவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கான பதக்கம் பெற்ற பின்னர், 1847 இல் அடிஸ்கோம்பில் சேர்ந்தார். 1848 திசம்பரில் பொல்லாக் பதக்கத்துடன் வெளியேறி வங்காளப் பொறியாளர் படையில் இணைந்தபோது அவருக்கு வயது 18. சத்தம் நகரில் செயல்முறைப் பயிற்சி முடித்து, 1850 இல் இந்தியா திரும்பினார். முதலில் கிடைத்தது போர்ப்பணி அன்று. பஞ்சாபில் ராவி ஆற்றில் இருந்து நீர் கொண்டுசெல்லும் பாரி தோஆப் கால்வாயின் கட்டுமானத்தில் ஈடுபட்டார். 1857 இல் அயோத்தி மாகாணத்துக்கு மாற்றப்பட்டார். சில மாதங்களில் கிளர்ச்சி வெடித்தது.

இலக்னோ முற்றுகை

இலக்னோவில் மச்சி பவன் என்னும் பழைய கோட்டையைப் பலப்படுத்தும் பணி இன்னசுக்குத் தரப்பட்டது. 1857 சூன் 30 அன்று சின்ஹட்டில் பிரித்தானியர் தோற்றனர். இரண்டு இடங்களைக் காக்க ஆட்கள் இல்லாத நிலையில், சூலை 1 இரவு அக்கோட்டை 240 பீப்பாய் வெடிமருந்துடன் தகர்க்கப்பட்டது. அனைவரும் ரெசிடென்சி வளாகத்துள் ஒதுங்கினர்.

அதன்பின் போரின் ஒரு பகுதி நிலத்தடியில் நடந்தது. கிளர்ச்சியாளர்கள் சுவர்களை நோக்கிச் சுரங்கம் தோண்டி வெடிவைக்க முயன்றனர். உள்ளிருந்தவர்கள் ஆழமான குழிகளில் இறங்கி, மண்வெட்டியின் ஓசைக்காகக் காது கொடுத்துக் காத்திருப்பார்கள். ஓசை வரும் திசையை ஊகித்து, அதை நோக்கித் தாமும் ஒரு குறுகிய சுரங்கத்தைத் தோண்டுவார்கள். போதிய அளவு நெருங்கியதும் வெடிமருந்து வைத்து எதிரியின் சுரங்கத்தைச் சரிப்பார்கள். திசையில் சிறு பிழை நேர்ந்தாலும் உழைப்பு வீணாகும். தாமதித்தால் தம் சுவரே பறந்துவிடும். இத்தகைய எதிர்ச்சுரங்கப் பணிகளை நடத்தியவர்களுள் முதன்மையானவர் கப்டன் ஃபுல்டன்; அவர் செப்டம்பர் 14 அன்று கொல்லப்பட்டார். இன்னசும் இப்பணியில் முக்கிய பங்கு வகித்தார். ஆகத்து 21 அன்று, குறிபார்த்துச் சுடுவோர் தங்கியிருந்த ஜொகான்னஸ் வீடு சுரங்கவெடியால் தகர்க்கப்பட்டது.

செப்டம்பர் 25 அன்று முதல் துணைப்படை வந்து சேர்ந்த பின்னரும் முற்றுகை நீங்கவில்லை. அதற்குப் பிந்தைய கட்டத்தில் மட்டும் காவல்படை 21 குழிகளையும் 3,291 அடி நீளச் சுரங்கங்களையும் தோண்டியது. எதிர்த்தரப்பு தோண்டிய 20 சுரங்கங்களில் மூன்று மட்டுமே உயிர்ச்சேதம் விளைவித்தன.

மறுபுறத்தில் தோண்டியவர்களுள் பாசி சமூகத்தினர் பலர் இருந்தனர். அவர்கள் எந்தக் கல்லூரியிலும் அரண் அமைப்பியல் கற்றவர்கள் அல்லர். எனினும் பயிற்சி பெற்ற பொறியாளர்களை மாதக்கணக்கில் உறங்கவிடவில்லை. இன்னஸ் போன்றோரின் பணி ஆண்டும் நாளும் இட்டுப் பதிவாகியுள்ளது; இவர்களின் பெயர்களோ வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை.

விக்டோரியா சிலுவையும் பிற்காலமும்

1858 பெப்ரவரி 23 அன்று சுல்தான்பூர்ச் சண்டையில், முன்னணி வீரர்களுக்கும் முன்னால் குதிரையில் சென்ற இன்னஸ், ஒரு பீரங்கியைக் கைப்பற்றினார். பின்னர் மற்றொரு பீரங்கிக்குத் தீயிட முயன்றவரைச் சுட்டுவீழ்த்தி, துணை வரும்வரை தனியாக நின்றார். இதற்காக அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. சில நாட்களில், மார்ச் 4 அன்று, கடுமையாகக் காயமுற்றார்.

அதற்குப் பின்னான நெடிய பணிக்காலம் பெரும்பாலும் கோப்புகளுக்கிடையே கழிந்தது. 1868 இல் பம்பாய் வங்கியின் வீழ்ச்சியை ஆராய்ந்த ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். பின்னர் பொதுப்பணித்துறையின் கணக்காயர் தலைவராகவும், 1882 இல் இராணுவக் கட்டுமானப் பணிகளின் தலைமை ஆய்வாளராகவும் ஆனார். கணிதப் பதக்கம் பெற்றவருக்கு இவை பொருந்தாத பதவிகள் என்று சொல்ல முடியாது. 1886 இல் ஓய்வு பெற்றபின் 1857 நிகழ்வுகள் பற்றியும் ஹென்றி லாரன்ஸ் பற்றியும் நூல்கள் எழுதினார். முற்றுகையைத் தாமே கண்டவர் என்பதால் அவை பயனுள்ள மூலங்கள். ஆயினும் ஒரு தரப்பின் பார்வை என்ற கவனத்துடன் படிக்கத்தக்கவை. 1907 திசம்பர் 13 அன்று கேம்பிரிட்சில் காலமானார்.

சேகரிப்பாளர்களும் பதக்கமும்

போர்ப் பதக்கங்கள் ஆயிரக்கணக்கானோருக்கு அளிக்கப்பட்டவை. பொல்லாக் பதக்கமோ ஒரு தேர்வுக்கு ஒருவருக்கே உரியது. இதனால் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே உள்ளது. சேகரிப்பாளர்களுக்கு இதன் மதிப்பு உலோகத்தின் எடையில் இல்லை. பெற்றவர் யார் என்பதும், அவர் பின்னாளில் என்ன செய்தார் என்பதுமே விலையை முடிவு செய்கின்றன. எனவே பதக்கத்துக்கு உரியவராகக் கூறப்படுபவரின் பெயரும் தேர்வுக் காலமும் கல்லூரிப் பதிவேடுகளுடனும் படைப்பட்டியல்களுடனும் ஒப்பிடப்படுகின்றன. குடும்பத்தார் பதக்கங்களைத் தனித்தனியே விற்பதால், பரிசுப் பதக்கம் ஓரிடத்திலும் போர்ப் பதக்கங்கள் வேறிடத்திலும் போய்ச் சேர்வது உண்டு. இன்னசின் விக்டோரியா சிலுவை, கெண்ட் மாவட்டத்தின் கில்லிங்காமில் உள்ள அரச பொறியாளர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்துள்ளது.